மாவுக்குள்ளே என்ன இருக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபப்படப் போகிறவர்கள் கடைசி வரி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரை ஹோட்டல்களில் தொங்கிய “ஃபிஷ் அன்ட் சிப்ஸ்” பலகை இப்போது நகருக்குள்ளும், துறைமுகத்தைச் சுற்றிய தெருக்களுக்கும் வந்துவிட்டது. வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு கட்சி, “ட்ரிங்கோ முன்னேறுது, இனி வெளிநாட்டுத் தரம்” என்று செல்பி போடுகிறது. இன்னொரு கட்சி, “இது வெள்ளைக்காரன் சாப்பாடு, நம்முடைய பிள்ளைகளுக்கு எதற்கு?” என்று கொதிக்கிறது. இரண்டு கட்சியும் தவறான இடத்தில் நின்று சண்டை பிடிக்கின்றன என்பதே எங்கள் கருத்து. பலகையில் எழுதிய பெயரைப் பற்றிப் பேசிக்கொண்டு, சட்டியில் கிடக்கும் எண்ணெயைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் கொதிக்கிற கட்சிக்கு.

மீனுக்கு மாப் பூசிப் பொரிப்பதை ஆங்கிலேயன் கண்டுபிடிக்கவில்லை. பாரசீக மன்னர் கோஸ்ரு அனுஷிர்வானின் அரண்மனையில் “சிக்பாஜ்” என்று ஒரு கறி இருந்தது. இறைச்சியை வினாகிரி ஊற்றிச் சமைப்பது. பெயரிலேயே வினாகிரி இருக்கிறது. அது பக்தாத் கலீபாக்களின் சமையலறைக்குப் போனது; பத்தாம் நூற்றாண்டில் இப்னு செய்யார் அல்-வர்ராக் எழுதிய சமையல் நூலில் இடம் பிடித்தது. காலப்போக்கில் மீனிலும் செய்தார்கள். மீனை மாவில் புரட்டிப் பொரித்து, வினாகிரிச் சாறு ஊற்றும் முறை பதின்மூன்றாம் நூற்றாண்டு எகிப்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மத்தியதரைக் கடல் வழியாக மேற்கே போனது, ஸ்பெயினில் “எஸ்கபெச்சே” என்று பெயர் மாறியது. இந்தப் பயணத்தை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மொழியியலாளர் டான் ஜுராஃப்ஸ்கி 2014இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் மாப் பூசிப் பொரித்த மீனையும் தங்களோடு கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை பொரித்து வைத்து, அடுப்பு மூட்டாத சனிக்கிழமையில் ஆறவைத்துச் சாப்பிடுவார்கள். அவர்கள் வழியாகவே அது லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1860களில் மீனோடு உருளைக்கிழங்கைச் சேர்த்து விற்றவர் லண்டனில் கடை வைத்த யூதரான ஜோசப் மாலின் என்று ஒரு சாரார் சொல்வர். லங்காஷயர் பக்கத்து ஜோன் லீஸ் என்று மறு சாரார். இன்றும் அந்த நாட்டில் தீராத வழக்கு அது. இதே பொரியலைப் போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் கொண்டுபோக, அங்கே அது “டெம்புரா” ஆனது. உருளைக்கிழங்கோ தென்னமெரிக்க மலைகளிலிருந்து வந்தது.

நாங்கள் நாளாந்தம் மீனில் தடவும் கொச்சிக்காயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்த்துக்கேயக் கப்பலில் ஏறி வந்ததுதான். கொச்சிக்காய் நம்முடையது, ஃபிஷ் அன்ட் சிப்ஸ் அந்நியம் என்று எந்தக் கணக்கில் பிரிப்பது? பிரித்தானியக் கடற்படை 1957இல் துறைமுகத்தை விட்டுப் போனது. டொக்யார்ட் வீதியும் மட்கோவும் கட்லட்டும் போகவில்லை. அவை நம்முடையவையாகிவிட்டன. சாப்பாட்டுக்குக் கடவுச்சீட்டுக் கேட்பதை விட்டுவிடுவோம்.

இனி செல்பிக் கட்சிக்கு.

“வெளிநாட்டுத் தரம்” என்கிறீர்கள். அந்தத் தரம் என்ன என்று பார்த்தீர்களா? ஃபிஷ் அன்ட் சிப்ஸ் இங்கிலாந்தில் துரைமார் சாப்பாடாக இருந்ததில்லை. பஞ்சாலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவன் இரவில் வீட்டுக்குப் போகும் வழியில் வாங்கிய சாப்பாடு. முதலாம் உலகப் போருக்கு முன்னரே அங்கே சுமார் 25,000 கடைகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் இறைச்சி, வெண்ணெய், சீனி எல்லாவற்றுக்கும் பங்கீட்டு அட்டை வந்தபோதும், அரசாங்கம் ஃபிஷ் அன்ட் சிப்ஸைப் பங்கீட்டுக்குள் கொண்டுவரவில்லை. உழைப்பவனின் கையிலிருந்து அதைப் பறித்தால் நாட்டின் மனம் உடைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கடைகளும் ஆரம்பத்தில் சுத்தமாக இருக்கவில்லை. பழைய கொழுப்பின் நாற்றத்தால் மீன் பொரிக்கும் தொழிலை “தொல்லை தரும் தொழில்” என்ற சட்டப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 1940இல்தான் நீக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் நல்ல அடுப்பும் நல்ல சட்டியும் வந்தன, சுகாதாரப் பரிசோதகர்கள் வந்தார்கள், பொரிப்பவர்களே 1913இல் தேசிய மட்டத்தில் ஒரு சம்மேளனம் அமைத்துக்கொண்டார்கள். மலிவான சாப்பாட்டைச் சுத்தமான சாப்பாடாக்க ஒரு நாடே உழைத்தது.

நாம் என்ன செய்தோம்? பெயரை எடுத்தோம். கூடவே ஒரு கிண்ணத்தில் வெள்ளைச் சோஸை எடுத்தோம். ஒரு பிடி வெட்டுமரக்கிளை போல உறைந்து பெட்டியில் வரும் கிழங்கை எடுத்தோம். விலையை மட்டும் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்குப் போடுகிற விலையாக ஆக்கிக்கொண்டோம். உழைப்பவனின் சாப்பாடு இங்கே வந்து பணக்காரச் சாப்பாடானது. நம்முடைய உழைப்பவனின் பிள்ளைக்கு மிஞ்சியது, பாடசாலை வாசலில் கறுத்த எண்ணெயில் மிதக்கும் ரோல்ஸ்.

பதிவின் மையம் இதுதான். மாப் பூச்சு எதற்காக?

சமையல்காரர் யாரிடமும் கேளுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்து 180 பாகை அளவில் இருக்கும்போது மாப் பூசிய மீனைப் போட்டால், மாவிலுள்ள தண்ணீர் உடனே ஆவியாகி வெளியே தள்ளும். அந்த ஆவி இருக்கும்வரை எண்ணெய் உள்ளே அதிகம் புகாது. மேலே மொறுமொறு, உள்ளே மீன் தன்னுடைய நீராவியிலேயே வேகும். மா என்பது மீனுக்குப் போட்ட சட்டை, நல்ல மீனைக் காப்பாற்றுவதற்கு. எண்ணெய் காயாமல் போட்டாலோ, பழைய எண்ணெயில் போட்டாலோ அந்தச் சட்டை எண்ணெயைக் குடித்து ஊறிவிடும்.

நம் கடைகள் பலவற்றில் மாப் பூச்சின் வேலை மறைப்பது. நேற்று விற்காத மீன் மாவுக்குள். முந்தாநாள் கிழங்கு மாவுக்குள். போதாததற்குச் சிவப்பு நிறம், அதற்கு மேலே பச்சைமிளகாய்ச் சோஸ். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

எங்கள் உம்மாமார் மீன் பொரித்தபோது மாப் பூசவில்லை. மஞ்சள், உப்பு, கொச்சிக்காய்த்தூள், கொஞ்சம் தேசிப்புளி. பாரையோ சூடையோ நெத்தலியோ, அப்படியே சட்டிக்குள். அந்தப் பொரியலில் ஒளிக்க இடமில்லை. மீன் கெட்டிருந்தால் சட்டியில் போட்டவுடனே அடுத்த வீட்டுக்காரிக்கும் தெரிந்துவிடும். காலிமுகத்திடலில் விற்கும் இறால் வடையைப் பாருங்கள். இறால் வடைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும், வாங்குபவன் பார்த்து வாங்கலாம். மாப் பூசுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. மாவுக்குப் பின்னால் ஒளிவதைத்தான் எதிர்க்கிறோம்.

“பொரித்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் சேர்” என்று ஒரு பதில் வரும். இந்த நம்பிக்கை ஆபத்தானது. சூரை, கும்பளா, அறுக்குளா போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். அது உருவான பிறகு பொரித்தாலும் போகாது, அவித்தாலும் போகாது, திரும்ப ஐஸில் போட்டாலும் போகாது. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலை இடிக்கும், வாந்தி வரும். நாம் என்ன சொல்லுவோம்? “பிள்ளைக்குக் கிரந்தி, மீன் ஒத்துக்கொள்ளவில்லை.” மீனைப் பழி சொல்லிவிட்டு, அதை வெயிலில் வைத்தவனை விட்டுவிடுவோம்.

எண்ணெயும் அப்படித்தான். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது உடைந்து கெட்ட பொருட்கள் சேரும். நிறம் கறுக்கும், நுரைக்கும், குறைந்த சூட்டிலேயே புகையும். பக்கத்து இந்தியாவில் அப்படிச் சேரும் பொருட்கள் 25 வீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பாவிக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. நமக்கு அளவுகோல் தேவையில்லை, கண் போதும். சட்டியின் அடி தெரியவில்லை என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். இன்னொரு கேள்வியையும் கேட்டு வைக்கிறோம். பெரிய ஹோட்டல்களில் பொரித்து முடித்த எண்ணெய் கடைசியில் எங்கே போகிறது? வடிகானுக்குள்ளா, வேறு யாருடைய சட்டிக்குள்ளா? பதில் தெரிந்தவர்கள் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இன்னொரு வேதனை உண்டு. வடையும் ரோல்ஸும் சுற்றி வரும் தாளைப் பிரித்துப் பாருங்கள். பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி. சில நேரம் நாங்கள் சிவப்பு மையில் திருத்திய விடைத்தாள். பின்னக் கணக்கின் மேலே எண்ணெய், எண்ணெய்க்குள் மை. 2017 செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டைத் தடை செய்தபோது கைதட்டினோம். அதன் இடத்துக்கு மைத்தாள் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் பத்திரிகைத் தாளில்தான் சுற்றினார்கள். மை சாப்பாட்டில் ஒட்டுகிறது என்று பிறகு விட்டுவிட்டார்கள். செல்பிக் கட்சி அதையும் பார்த்துப் பழகியிருக்கலாம்.

அடுத்தது வெட்கக்கேடு. கடல் சூழ்ந்த ஊர் நம்முடையது. கொட்டியாற்றுக் குடா ஒரு பக்கம், குச்சவெளி, புல்மோட்டைக் கரை மறு பக்கம். ஆனால் கடையில் கட்லட்டைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கப்பலில் வந்த டின் மீன். நல்ல மீன் எல்லாம் கூலர் லொறி ஏறி இரவோடு இரவாகப் பேலியகொட சந்தைக்குப் போகிறது, மிச்சம் ஹோட்டல்களுக்கு. பிடித்தவனின் பிள்ளை இடைவேளையில் சாப்பிடுவது வேறு கடலின் மீன். 2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது வள்ளங்கள் கரையில் கிடந்ததை மறந்துவிட்டோமா? அந்த மனிதர்களின் சூடைக்கும் சாளைக்கும் ஊருக்குள்ளேயே நல்ல விலை கொடுக்க ஒரு வழி இருக்கிறது என்றால், அது நம்முடைய பொரியல் கடைகள்தான். அந்த வழியையும் டின்னால் அடைத்து வைத்திருக்கிறோம்.

இனி நம் சமூகத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013இல் ஹலால் சான்றிதழ் பிரச்சினை வந்தபோது அதைப் பற்றிப் பேசாத ஆள் நம் தெருவில் இல்லை. வெளிநாட்டு சொக்லட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஜெலட்டின் இருக்கிறதா என்று வாசிக்கிறோம். நல்லது, வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் குர்ஆன் ஹலாலோடு சேர்த்துத் தையிப் என்றும் கேட்கிறது. சுத்தமானது, நல்லது. நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு தெருவெங்கும் சமோசாச் சட்டி. முதல் நோன்பில் ஊற்றிய எண்ணெய்க்கு மேலே புது எண்ணெய் ஊற்றி ஊற்றியே பெருநாள் வரை கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். பதினான்கு மணிநேரம் வெறும் வயிறாக இருந்த பிள்ளையின் வாய்க்குள் முதலில் போவது அது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லையா என்று வியாபாரியை நபிகளார் கண்டித்த சம்பவத்தை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்! ஈரத்தைக் காய்ந்த தானியத்தால் மூடுவதும், பழைய மீனை மாவால் மூடுவதும் வேறு வேறா?

“சேர், ஏழை வியாபாரியின் வயிற்றில் அடிக்காதீர்கள்.”

இந்த வாதத்தை மதிக்கிறோம். 2021 ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்தார்கள். அடுத்த வருடம் காஸ் வரிசை. இரண்டையும் தாங்கி நின்று கடை நடத்தியவர்கள் பாவம்தான். ஆனால் அந்த ரோல்ஸை வாங்குவது யார்? ஹோட்டலில் தங்கியிருப்பவனா? நாட்டாண்மை வேலைக்காரன், வள்ளத்துக்காரன், அவனுடைய பிள்ளை. ஏழை வியாபாரியைக் காப்பாற்ற ஏழைப் பிள்ளையின் குடலைக் கேட்பது என்ன நியாயம்? சுத்தமாகப் பொரிப்பதற்குப் பெரிய முதல் தேவையில்லை. பெரிய தாச்சிக்குப் பதிலாகச் சின்னத் தாச்சி எடுத்தால் எண்ணெய் குறையும், கெட்ட எண்ணெயை மாற்றுவதும் வலிக்காது. உதிரும் மாத்தூளை அடிக்கடி அரித்து எடுத்தால் எண்ணெய் சீக்கிரம் கறுக்காது. ஒவ்வொரு நாளும் வடித்து மூடி வைக்கலாம். இதற்கெல்லாம் சேர்ந்து ஒரு வடைக்குச் சிறு தொகை கூடும் என்றால், அதைக் கொடுக்க வேண்டியது நாம். “ஏன் விலை கூட?” என்று கேட்கிற வாயால் “ஏன் எண்ணெய் கறுப்பு?” என்றும் கேட்போம்.

குறை சொல்லிவிட்டுப் போவது எங்கள் வேலை இல்லை. கேட்பது இவற்றைத்தான்:

1. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளைக் கேள்வி விலைக்குக் கொடுக்கும்போது, அதிக வாடகை தருபவருக்கு என்று மட்டும் பார்க்காதீர்கள். என்ன எண்ணெய், எத்தனை நாளுக்கொருமுறை மாற்றுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பெற்றோரில் இருவர் வாரம் ஒருமுறை சட்டியைப் பார்க்கட்டும்.

2. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பெருநாள் காலத்தில் மட்டும் வராதீர்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வருடம் முழுவதும் உயிரோடுதான் இருக்கிறது. சோதனையைப் பெட்டிக்கடையோடு நிறுத்தாமல் ஹோட்டல் சமையலறைக்குள்ளும் போங்கள்.

3. பொரியல் வியாபாரிகளே, சங்கமாகுங்கள். எண்ணெயை மொத்தமாக வாங்குங்கள், பாவித்த எண்ணெயை ஒன்றாகச் சேர்த்து ஒழுங்காக அகற்றுங்கள். காலையில் கரைவலையில் வரும் நெத்தலியையும் சூடையையும் நேரே கரையில் வாங்குங்கள். சூடான நெத்தலிப் பொரியலும் மரவள்ளிச் சிப்ஸும் வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தால், ஊர்க்காரனும் வாங்குவான், வெள்ளைக்காரனும் வரிசையில் நிற்பான். அதற்கு ஃபிஷ் அன்ட் சிப்ஸ் என்று பெயர் வைத்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

4. ஆசிரிய நண்பர்களே, பழைய கொப்பிகளை எடைக்குப் போடுவதற்கு முன் அவை எங்கே போகின்றன என்று கேளுங்கள். விஞ்ஞான பாடத்தில் எண்ணெய், கொழுப்பு என்று கரும்பலகையில் எழுதுவதோடு விடாமல், பிள்ளைகளுக்கு நல்ல எண்ணெயையும் கெட்ட எண்ணெயையும் இரண்டு கண்ணாடிப் போத்தலில் காட்டுங்கள். அந்தப் பாடம் பரீட்சைக்குப் பிறகும் மறக்காது.

பெற்றோர்களே, நாளைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளை வழக்கமாக வாங்கும் கடைக்குப் போய், வாங்குவதற்கு முன் சட்டியை எட்டிப் பாருங்கள். பொரித்த ஒன்றை வாங்கி அங்கேயே இரண்டாகப் பிய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நல்ல மீன் வைத்திருப்பவர் முறைக்க மாட்டார். “பாருங்க சேர், இன்னொன்றையும் பிய்த்துப் பாருங்க” என்பார். அந்தக் கடையின் பெயரைக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், ஊரே போய் வாங்கட்டும். கெட்ட கடையின் பெயரை இங்கே எழுத வேண்டாம். அதைப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுங்கள்.

சரி என்று பட்டால் பகிருங்கள். பிழை என்று பட்டால் காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.